மனு யார் பெயருக்குப் போகிறது?

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய மனுவை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். அப்பாவும் படித்தார். "நம்ம பொண்ணா எழுதினது" என்று பூரித்துவிட்டு, அடுத்த மூச்சிலேயே "இதெல்லாம் படிப்பைக் கெடுக்காதா" என்றார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ விஷயத்துக்கு வா.

மூன்றரைப் பக்கம் கோபம் இருக்கிறது, என்ன வேண்டும் என்பது கடைசி இரண்டு வரியில் ஒளிந்திருக்கிறது. நூலகம் மூடும்போது விடுதிக்குப் பேருந்து இல்லை, ஒன்பது மணிக்குப் போகும் கடைசி வண்டியைப் பதினொன்று வரை நீட்ட வேண்டும், இவ்வளவுதானே? அதை முதல் வரியில் போடு. அப்புறம், மனுவைக் கல்லூரி முதல்வர் பெயருக்கு எழுதியிருக்கிறாய். பேருந்து நேரத்தை அவரா முடிவு செய்கிறார்?

சிரிக்காதே, இதே கூத்தை நானும் அடித்திருக்கிறேன். எங்கள் விடுதியில் தண்ணீர் வராது. முந்நூறு கையெழுத்து வாங்கி, வாசலில் தொண்டை கிழியக் கத்தி, மனுவைக் கொடுத்தோம். வாங்கியவர் "பார்க்கிறேன்" என்றார், நாங்கள் கைதட்டிவிட்டுக் கலைந்தோம். குழாய் இணைப்பு அவர் அதிகாரத்திலேயே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நகல் எடுக்கவில்லை, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்துகூட வாங்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், "எந்த மனு?"

வனுவாட்டு என்ற தீவு நாட்டில் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர் 2019இல் என்ன செய்தார்கள் தெரியுமா? பருவநிலை மாற்றத்தைத் தடுக்க நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை என்று சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்க நினைத்தார்கள். மாணவர்கள் அங்கே நேராகப் போய்க் கேட்க முடியாது, ஆனால் ஐ.நா. பொதுச்சபை கேட்கலாம். அதனால் முதலில் தங்கள் பகுதி அரசுகளைப் பிடித்தார்கள். வனுவாட்டு அரசு கையில் எடுத்தது, 2023 மார்ச்சில் பொதுச்சபை தீர்மானம் போட்டது, 2025 ஜூலையில் நீதிமன்றம் தன் கருத்தைச் சொன்னது. ஆறு வருஷம்! ஊர்வலம் போவதைவிட, எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை.

அதைவிட எனக்குப் பிடித்தவர் கிரகரி வாட்சன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1982இல், ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க எம்.பி.க்கள் தங்களுக்கே போட்டுக்கொள்ளும் சம்பள உயர்வு அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரவேண்டும் என்று 1789இல் முன்மொழிந்த ஒரு அரசியலமைப்புத் திருத்தம் இன்னும் செத்துவிடவில்லை, மாநிலங்கள் இப்போதும் ஒப்புதல் தரலாம் என்பது அவர் வாதம். கிடைத்தது 'சி' மதிப்பெண். மனுஷன் விடவில்லை, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். 1992இல் அது அமெரிக்க அரசியலமைப்பின் 27ஆவது திருத்தமாகிவிட்டது. அந்த 'சி'யை 'ஏ' ஆக்கியது 2017இல்தான், அது வேறு கதை.

உனக்கு அவ்வளவு காலம் கிடையாது. அலுவலகங்களுக்கு மாணவர்களைப் பற்றி ஒன்று நன்றாகத் தெரியும்: இரண்டு பரீட்சை வந்தால் கூட்டம் கரையும், மூன்று வருஷத்தில் ஆளே மாறிவிடும். காத்திருந்தால் போதும். அதனால் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை இப்போதே கூட வைத்துக்கொள். எல்லாத் தாளும் ஒரே கோப்பில் இருக்கட்டும், யாரைப் பார்த்தீர்கள், என்றைக்கு, என்ன சொன்னார் என்பது உட்பட. இன்னொன்று, மனுவில் "ஏராளமான மாணவர்கள்" என்று எழுதியிருக்கிறாயே, எத்தனை பேர்? ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாக நிறுத்தத்தில் நின்று, ஒன்பதுக்கு மேல் வந்து ஏமாறுகிறவர்களை எண்ணு. தனியாக நிற்காதே.

சரி, திருத்தியதை அனுப்பு, பார்க்கிறேன். அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். போன மாதம் கடைசி வண்டியைத் தவறவிட்டதாக மனுவில் எழுதியிருக்கிறாயே, அன்றைக்கு விடுதிக்கு எப்படிப் போனாய்? இதற்கு மட்டும் இன்றைக்கே பதில் போடு.

அம்மா