சிவப்புக் கோடு நின்ற இடம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் நலமா? அம்மாவுக்குப் போன மாதம் சுகர் கொஞ்சம் கூடியிருந்தது, இப்போது பரவாயில்லை. மாடி ஒழுகியதை அடைத்தாயிற்று. அத்தை வீட்டு விஷயத்தை எழுதினால் உனக்குக் கோபம் வரும், அதனால் விட்டுவிடுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைக்காதே. போனில் நீ மூன்றாவது நிமிடமே "சரிப்பா, வைக்கட்டுமா" என்கிறாய். எனக்கும் போனில் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது நம் டிவியில் உன் யூடியூப் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, விளம்பரம் வராது என்று. அதில் ‘மர்மதேசம் விடாது கருப்பு’ பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் நீதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறாய். ஒவ்வொரு பகுதியின் படத்துக்கும் கீழே எவ்வளவு தூரம் பார்த்திருக்கிறது என்று ஒரு சிவப்புக் கோடு காட்டுகிறதில்லையா, அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. எத்தனை வருஷம் கழித்து அப்பாவும் மகனும் ஒரே தொடரைப் பார்க்கிறோம்!

அது முதலில் சன் டிவியில் வந்தபோது நீ இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ. குதிரைக் குளம்பு சத்தம் கேட்டதும் அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வாய் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த எனக்கு, ஊர் முழுக்க டிவி முன்னால் உட்காரும் நேரம்தான் வேலை நேரம். மத்தியானம் லைன் போனால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். ராத்திரி நாடகம் ஓடும்போது படம் புள்ளி புள்ளியாக வந்தால் ஒரு தெருவே வீட்டு வாசலுக்கு வந்துவிடும். டிவிஎஸ் 50-ல் ஏணியைக் கட்டிக்கொண்டு போய் மேலத்தெரு போஸ்டில் ஏறி, ஆம்ப்ளிபையரைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். கீழே அத்தனை வீட்டிலிருந்தும் ஒரே வசனம் கேட்கும். படம் மட்டும் எனக்குத் தெரியாது. ‘சித்தி’யும் ‘மெட்டி ஒலி’யும் எனக்கு அப்படித்தான், காதால் கேட்டவை. ஊரெல்லாம் மறு ஒளிபரப்பு என்று சொல்வது எனக்கு முதல் ஒளிபரப்பு, தம்பி.

கண்ட்ரோல் ரூமைப் போன வாரம் சுத்தம் செய்தேன். நீ எழுதிய அட்டை இன்னும் சுவரில் இருக்கிறது. எந்த நம்பரில் எந்தச் சேனல் என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதினாயே, அது. சன், ராஜ், விஜய் எல்லாம் உன் சின்ன வயசுக் கையெழுத்து. டிடி 5 என்று எழுதி, அடித்து, பக்கத்தில் பொதிகை என்று எழுதியிருக்கிறாய். ஜெயா அதற்குக் கீழே. 2001-ல் கே டிவி வந்தபோது எழுத்து கொஞ்சம் அழகாகிவிட்டது. 2007-ல் கலைஞர் டிவி வந்தது, அதை எழுதியது நான். நீ அப்போது பிளஸ் டூ, அட்டை பக்கமே வருவதில்லை. விஜய் டிவி எத்தனை கை மாறியது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. பொதிகைக்குப் பெயர்தான் நிற்கவில்லை. 2024 ஜனவரியிலிருந்து அது டிடி தமிழ். அட்டையில் எழுத இடம் இருக்கிறது. நீ வரும்போது எழுதட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன்.

நம் பக்கத்து ஜனங்கள் ஒரு காலத்தில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி இலங்கை ரூபவாஹினி பார்த்தவர்கள். 1993 தமிழ் வருஷப் பிறப்பன்று சன் டிவி தொடங்கியது. மறு வருஷமே உன் தாத்தா நிலத்தை விற்ற பணத்தில் நான் டிஷ் போட்டேன். நிலத்தைக் கரைத்துக் குடை கவிழ்த்து வைத்திருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நான்கே வருஷத்தில் 300 கனெக்‌ஷன், பிறகு 640. அந்தப் பணத்தில்தான் நீ படித்தாய். ஒன்பதாவது படிக்கும்போது நோட்டைத் தூக்கிக்கொண்டு வசூலுக்கும் போனாய். மேலத்தெரு டீச்சர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் கேட்கிறார், "ஒரு ரூபாய் கணக்கு பிசகாமல் எழுதுவானே, அந்தப் பையன் எப்படி இருக்கிறான்?" பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான் என்று சொன்னேன். போன வாரமும் அப்படித்தான் சொன்னேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு இருக்காதே. ராத்திரி கண் விழிக்காதே.

பாப்பாவுக்குப் பள்ளிக்கூட வேனை நிறுத்திவிட்டு, காலையிலும் மத்தியானமும் நீயே கூட்டிக்கொண்டு போய் வருகிறாயாமே. மருமகள் அம்மாவிடம் சொன்னாள். நல்லதுதான். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போவது பிள்ளைக்குப் பிடிக்கும். உனக்கு நான் அதைச் செய்ததில்லை.

2020 ஊரடங்கில் நீ இங்கே வந்து இருந்தது ஞாபகம் இருக்கிறதா? படப்பிடிப்பு எல்லாம் நின்று, சேனல்களிடம் போடுவதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. மார்ச் 28-ம் தேதியிலிருந்து தூர்தர்ஷனில் மறுபடியும் ‘ராமாயணம்’. சன் டிவியில் மறுபடியும் ‘மெட்டி ஒலி’. நீ கண்ட்ரோல் ரூமில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பாய். நாடக நேரத்துக்கு எழுந்து வந்து அம்மா பக்கத்தில் உட்காருவாய். அந்த ஐந்து பெண்களின் அப்பா, சிதம்பரம், எல்லாப் பாரத்தையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். "இவர் வாயைத் திறந்து சொன்னால் பாதிப் பிரச்சனை தீர்ந்துவிடுமே" என்று நீதான் சொன்னாய். அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஏன் என்று நீ கேட்கவில்லை.

அந்தத் தொடரைப் பற்றி இன்னும் எழுதத்தான் நினைத்தேன். இப்போது முடியவில்லை. வேறு ஒன்றை எழுதிவிடுகிறேன்.

2011. நீ கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். எல்லாம் டிஜிட்டலாக மாறப் போகிறது, செட்டாப் பாக்ஸ் வரப் போகிறது என்று ஊரில் எல்லோரும் பேசினார்கள். நான் நம்பவில்லை. மூன்று வட்டிக்கு வாங்கி, பழைய முறையிலேயே புதிதாக மெஷின் இறக்கினேன். ஆறு மாதத்தில் கனெக்‌ஷன் பாதிக்கும் கீழே போனது. வீட்டுக்கு வீடு சின்னக் குடை முளைத்தது. மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தது, ஜனங்களுக்கு அது நல்லதுதான். தப்பு என் கணக்கில். லைனை எல்லாம் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துக் கடனை அடைத்தேன். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

நான்கு மாதம், தம்பி. தினமும் காலையில் எட்டு மணிக்குக் கிளம்புவேன். ஏணி வண்டியில், கனெக்டரும் கட்டிங் பிளேயரும் பையில், அம்மா கட்டித் தந்த தயிர்சாதம் டிபன் பாக்ஸில். நேரே கழுகுமலைக்குப் போய் மலைக்குக் கீழே நிழலில் உட்காருவேன். தெரிந்தவர் யாராவது வந்தால் கோயிலுக்கு வந்த மாதிரி எழுந்து நடப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும் முன்னால் கையில் கொஞ்சம் மண்ணைத் தேய்த்துக்கொள்வேன், போஸ்டில் ஏறி இறங்கியவன் கை மாதிரி இருக்க வேண்டும் என்று.

அந்த நாட்களில்தான் நீ ஹாஸ்டல் பணத்துக்குப் போன் செய்தாய். "பணம் என்ன மரத்திலா காய்க்குது, உங்கப்பன் என்ன ஜமீன்தாரா?" என்று கத்திவிட்டு வைத்தேன். நீ அதற்கப்புறம் இரண்டு மாதம் போனே செய்யவில்லை. ஒரு கடையில் ராத்திரி வேலை பார்த்துக் கட்டினாய் என்று பிறகுதான் தெரிந்தது. உன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, எய்யா. வெட்கம். அதைச் சொல்லத் தெரியாமல் கத்தினேன். கஷ்டம் என்றால் அப்பாவிடம் வாய் திறக்கக் கூடாது என்று நீ அன்றைக்குத்தான் படித்துக்கொண்டாய். சொல்லிக் கொடுத்தவன் நான்.

இதில் இன்னொன்று. அம்மாவுக்கு மூன்றாவது வாரமே தெரிந்துவிட்டதாம். பையில் இருந்த கனெக்டர் எண்ணிக்கை குறையவே இல்லை என்று பார்த்திருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கும் மேல் டிபன் பாக்ஸில் ஒரு கரண்டி கூடுதலாக வைத்து அனுப்பியிருக்கிறாள். கடைசியில் ஒரு நாள் ஊறுகாய் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, "மலைக்குக் கீழே வெயில் ஜாஸ்தி, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். சாயங்காலமே போய், லைனை வாங்கியவரிடமே லைன்மேன் வேலை கேட்டேன். சொந்த போஸ்டில் கூலிக்கு ஏற முதல் வாரம் கால் கூசியது. அப்புறம் பழகிவிட்டது. 2019-ல் சேனலுக்குச் சேனல் விலை வந்தபோது, 100 சேனலுக்கு 130 ரூபாயும் வரியும், அதற்கு மேல் சன் டிவிக்கு 19 ரூபாய் என்று வீடு வீடாக உட்கார்ந்து டிக் அடித்தவனும் நான்தான். எந்தச் சேனலை விடுவது என்று கிழவிகள் என்னைத்தான் கேட்டார்கள்.

மேலே இருக்கிற அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். இன்டர்நெட் இப்போது நன்றாக வருகிறது. பாப்பாவுக்கு இங்கேயும் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, ஒரு தகவலுக்குத்தான் சொல்கிறேன். வீட்டுப் பத்திரம் பீரோவில் சும்மாதான் கிடக்கிறது. அதில் கடன் ஒன்றும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. மருமகளிடம் எதையும் மறைத்து வைக்காதே.

‘விடாது கருப்பு’ நான் இன்னும் முடிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு டிவியை அணைத்தபோது கோடு நின்ற இடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்குப் போட்டேன், மூன்று பகுதி தள்ளிப் போயிருந்தது. புதன்கிழமையும் அப்படித்தான். அதிலிருந்து நான் அந்தப் பக்கம் போகவில்லை. நான் பார்த்தால் உன் கோடு நகர்ந்துவிடும், நீ விட்ட இடம் உனக்குத் தெரியாமல் போய்விடும்.

போன் செய். மத்தியானம் இரண்டு மணியானாலும் செய். இந்த நேரத்தில் எப்படி என்று நான் கேட்க மாட்டேன்.

அப்பா