சீனிக் கணக்கை முழுப் போத்தலுக்குப் போடட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் மக்கள் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் படிப்பதே இல்லை என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் வருத்தப்பட்டிருந்தார். சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவன் நான். என் கடையில் அப்படி இல்லை.

சம்பளம் போட்ட வாரத்தில் தோட்டத்திலிருந்து வருகிறவர்களை அவர் வந்து பார்க்கட்டும். பேரனுக்கு ஜெல்லி மிட்டாய் வாங்கும் பாட்டி, பாக்கெட்டைத் திருப்பி ‘லெம்பு’, அதாவது மாடு என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று தேடாமல் கூடையில் போடமாட்டார். எழுத்து தெரியாவிட்டால் என்னிடம் நீட்டுவார். மாட்டிறைச்சியோ அதிலிருந்து எடுத்த பொருளோ சேர்ந்திருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் மலேசிய உணவு விதிமுறைகளிலேயே இருக்கிறது. பாட்டிக்கு விதி தெரியாது, ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். ரொட்டி வாங்குகிறவர்களும் ‘தாரிக் லுப்புட்’, அதாவது காலாவதித் தேதி பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பார்கள்.

இவ்வளவு விவரமானவர்கள் சீனி அளவுக்கு வந்தால் மட்டும் ஏன் தடுமாறுகிறார்கள்? லேபிளில் சத்து அளவுகளைப் போடும் கட்டம் அப்படி. லெம்பு இருக்கிறதா, இல்லையா என்றால் ஒரே பதில். சீனிக்கோ இரண்டு வரிசை எண்கள். ஒன்று 100 கிராம் அல்லது 100 மில்லிக்கு, இன்னொன்று ஒரு ‘ஹிடாங்கான்’, அதாவது ஒரு தடவை பரிமாறும் அளவுக்கு. அரை லிட்டர் போத்தலில் ஒரு ஹிடாங்கான் 250 மில்லி, சீனி 25 கிராம் என்று போட்டிருந்தால் கணக்கில் பிழை கிடையாது. ஆனால் வெயிலில் செம்பனைக் குலை வெட்டிவிட்டு வருகிறவர் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மூடி வைப்பாரா? 50 கிராமும் உள்ளே போய்விடும். பெரியவர்கள் ஒரு நாள் முழுவதும் சேர்த்துக்கொள்ளும் சீனி இதைத் தாண்டக் கூடாது என்றுதான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

தேத்தண்ணிக்கு வாங்கும் டின் பாலையும் திருப்பிப் பாருங்கள். சேர்பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி எழுத வேண்டும் என்பது விதி. பல டின்களில் முதல் பெயரே சீனிதான். பாலின் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்த்த டின்களும் உண்டு. யார் கண்டது, நம் தோட்டத்துக் குலையாகக்கூட இருக்கலாம்.

அப்புறம், சுகாதார அமைச்சு 2017இல் கொண்டுவந்த ‘பிலிஹான் லெபே சிஹாட்’, அதாவது ‘கூடுதல் ஆரோக்கியமான தேர்வு’ என்ற சின்னம். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்பதற்குத்தான் அந்தச் சின்னம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பிஸ்கட்டில் அது இருந்தால், அதே வகைப் பிஸ்கட்டுகளோடு ஒப்பிடும்போது பரவாயில்லை என்று அர்த்தம், அவ்வளவே. பிஸ்கட் பிஸ்கட்தான். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருக்கிறது. இந்தச் சின்னக் குழப்பத்தைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியவில்லை.

கடையில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: குளிர்பானம் என்றால் 100 மில்லி வரிசையை மட்டும் பாருங்கள், 5 கிராமைத் தாண்டினால் திருப்பி வையுங்கள். இந்த 5 நான் கண்டுபிடித்தது இல்லை. 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டபோது அரசாங்கமே குளிர்பானத்துக்கு வைத்த கோடு. வரி வாங்க உதவுகிற எண் வாங்குகிறவர்களுக்கும் உதவட்டுமே. இதைச் சொல்வதால் என் வியாபாரம் கொஞ்சம் குறையும் என்று என் மனைவி முறைக்கிறார், அது வேறு கதை.

நான் ஒருவன் கல்லாவில் உட்கார்ந்து சொன்னால் எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்? ஒரே ஆள் ஒரே மூச்சில் குடித்து முடிக்கும் போத்தலுக்கு ஹிடாங்கான் கணக்கு வேண்டாம், முழுப் போத்தலின் சீனியை முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடு என்று அமைச்சு உத்தரவிடலாம். நீங்களும் ஞாயிறு பதிப்பில் ஒரு லேபிளை அப்படியே படமாகப் போட்டு, எந்த எண் எதற்கு என்று குறித்துக் கொடுங்கள். வெட்டி எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்