ஐந்தாம் பக்கத்தில் இருந்த பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உதவித்தொகைப் பட்டியல் ஒன்றில் சிலருடைய பெயர் விடுபட்டது பற்றிச் சென்ற வாரம் செய்தி போட்டிருந்தீர்கள். "கம்ப்யூட்டர் கோளாறு காரணமாக" என்று ஒரு வரி இருந்தது. என்ன கோளாறு என்று இல்லை. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் முதலில் ஸ்டோர் கணக்கு எழுதி, அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளப்பட்டவன். இருபது வருடம் ஆகிறது. எங்களிடமும் ஒரு தீபாவளிக்கு இதே மாதிரி நடந்தது.

போனஸ் டோக்கனை கேட்டில் வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். பட்டியல் ஐந்து பக்கம், ஆங்கிலத்தில், அகர வரிசையில். வாட்ச்மேன் அண்ணன் ஸ்கேலை நகர்த்திப் பெயரைத் தேடி, டிக் அடித்து டோக்கன் கொடுப்பார். செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்கா வந்து நின்றார். அனிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் 'ஏ' எழுத்துப் பெயர்களை இரண்டு தடவை பார்த்தாயிற்று, இல்லை.

"லிஸ்ட்ல பேரு இல்லீங்களே, ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க."

"ஏனுங்ண்ணா, ஏழு வருசமா இந்த கேட்டுலதான வந்துட்டுப் போறேன், என்னைத் தெரியலீங்களா?"

தெரியாமல் என்ன. காகிதத்தில் இருக்க வேண்டுமே. அரை மணி நேரத்தில் என் அறை வாசலில் பதினோரு பேர் நின்றார்கள்.

பட்டியலை வாங்கிப் புரட்டினேன். நாலாம் பக்கத்துக் கடைசி வரியில் 'இசட்' எழுத்துக்காரர் ஒருவர். இசட் வந்துவிட்டால் பட்டியல் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்போம். ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினால் மறுபடியும் 'ஏ' தொடங்கியிருந்தது, சின்ன 'ஏ'. அனிதாக்கா அங்கே முதல் ஆளாக இருந்தார்.

பெயர்களை உள்ளே ஏற்றியது மூன்று பேர். ஒருவர் கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடிப்பவர். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி முதல் எழுத்தை மட்டும் பெரிதாக அடிப்பவர். புதிதாக வந்த பையன் போனில் சாட் அடிக்கிற பழக்கத்தில் முழுக்கச் சின்ன எழுத்து. நமக்கு மூன்றும் ஒரே பெயர். ஆனால் பெயர்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் பார்ப்பது ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்ணை. அந்த எண்களைக் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் பெரிய 'ஏ' 65, பெரிய 'இசட்' 90, சின்ன 'ஏ' 97. 90-க்குப் பிறகுதானே 97 வரும்? 1963-ல் அமெரிக்காவில் அந்த அட்டவணையின் முதல் பதிப்பு வந்தபோது அதில் சின்ன எழுத்தே கிடையாது. 1967-ல்தான் சேர்த்தார்கள். பின்னால் வந்ததற்குப் பின்னால் இடம்.

சரி, அதற்கு முந்தின தீபாவளி வரை ஏன் இந்த வம்பு வரவில்லை? அதுவரை நாங்கள் வைத்திருந்தது மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ். எழுத்துகளை எப்படி ஒப்பிடுவது, எப்படி வரிசைப்படுத்துவது என்பதற்கு டேட்டாபேஸில் ஒரு விதி உண்டு, கொலேஷன் என்பார்கள். பழைய மைஎஸ்க்யூஎல்லில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொள்வது ஸ்வீடிஷ் மொழி விதியை. அந்த மென்பொருள் பிறந்த நாடு ஸ்வீடன். 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான் மாற்றினார்கள். ஆக எங்கள் ஓவர்லாக் டைலர்களும் கைமடிக்கிறவர்களும் வருடக்கணக்கில் ஸ்வீடன் முறைப்படி வரிசையில் நின்றிருக்கிறார்கள், யாருக்கும் தெரியாமல்! அந்த விதி பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்காது. அதனால் எங்கள் அழுக்கு மறைந்தே இருந்தது. அந்த வருடம் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் போஸ்ட்கிரஸ் என்ற வேறொரு டேட்டாபேஸுக்கு மாற்றி, வேகமாக இருக்கும் என்று 'சி' என்ற கொலேஷனை வைத்துவிட்டுப் போனார். அது வெறும் எண் வரிசை.

வரிசை மட்டும் என்றால் பரவாயில்லை. தேடும்போதும் போஸ்ட்கிரஸ் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் தானாக ஒன்று என்று சொல்லாது. சூப்பர்வைசர்கள் போனிலிருந்து லாகின் செய்யும்போது கீபோர்டு முதல் எழுத்தைத் தானே பெரிதாக்கிவிடும். மின்னஞ்சல் முகவரி பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பும். "பாஸ்வேர்டை மாத்திக் குடுங்க" என்று ஒரு வாரம் போன் வந்துகொண்டே இருந்தது. பாஸ்வேர்டில் ஒன்றுமே இல்லை.

அப்படியானால் பேதம் பார்க்காத விதியே நல்லது என்று சொல்லிவிட முடியாது. சாயப்பட்டறையிலிருந்து வரும் துணிக்கு லாட் நம்பர் உண்டு. அந்தப் பட்டறையில் பெரிய 'பி' போட்டால் இரண்டாவது ஷேடு, சின்ன 'பி' போட்டால் மறுசாயம் போட்டு வந்தது. பழைய டேட்டாபேஸ் இரண்டும் ஒன்றே என்று சொல்லி, "ஏற்கெனவே உள்ளது" என்று மறுத்துவிடும். ஸ்டோர்காரர் என்ன செய்தார் தெரியுமா, நம்பருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஏற்றிவிட்டார். அந்தப் புள்ளியால் பட்ட பாட்டுக்குத் தனிக் கடிதம் வேண்டும்.

ஆள் பெயருக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரு விதி, லாட் நம்பருக்கு வேறு விதி. ஒவ்வொரு கட்டத்துக்கும் யாராவது உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நான் செய்தது சின்ன வேலைதான். பெயரையும் முகவரியையும் தேடும்போது சின்ன எழுத்தாக்கி ஒப்பிடும்படி மாற்றினேன். அப்படி மாற்றினால் தேடலை வேகமாக்க வைத்திருக்கும் பழைய இண்டெக்ஸ் உதவாது, சின்ன எழுத்தாக்கியதற்கே தனி இண்டெக்ஸ் போட வேண்டும். இது தெரியாமல் இரண்டு நாள் எல்லாம் ஆமை வேகத்தில் ஓடியது, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வருடம் முதலாளி, "தமிழ்லயே அடிச்சிருங்க, தமிழ்ல பெருசு சிறுசு இல்லையில்ல" என்றார். நானும் நிம்மதியாக அடித்தேன். பட்டியலில் கணபதி, கணேசன், கண்ணன் என்று வந்தது. நம் அகராதியில் புள்ளி வைத்த மெய் ('ண்') உயிர்மெய்க்கு ('ண') முன்னால் வரும், கண்ணன்தான் முதலில். மனோகரனுக்குப் பின்னால் மயில்சாமி. மெய்வரிசையில் 'ன' கடைசி எழுத்தாயிற்றே! எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையில் 'ன' இருப்பது 'ந'-வுக்கு அடுத்த வீட்டில். தேவநாகரியை வைத்து அமைத்த 1988-ஆம் வருட இஸ்கி என்ற இந்திய மொழிகளுக்கான அட்டவணையைத் தமிழுக்கும் அப்படியே எடுத்ததால் வந்த வினை. 'ழ'-வும் 'ள'-வும் 'வ'-வுக்கு முன்னாலேயே வந்துவிடும். போஸ்ட்கிரஸில் ஐசியு என்ற துணை மென்பொருள் தரும் தமிழ்க் கொலேஷன் இருக்கிறது. பட்டியலைக் கேட்டு டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையின் கடைசியில் அதன் பெயரைச் சேர்த்தேன், கண்ணன் முன்னால் வந்தார். ஒரே ஒரு சொல். அதைக் கேட்டு வாங்க ஆளில்லாமல்தான் எத்தனையோ பட்டியல்கள் தாறுமாறாக ஒட்டப்படுகின்றன.

அதனால் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இனி இப்படிச் செய்தி வந்தால், பெயர் உண்மையிலேயே இல்லையா, இல்லை கடைசிப் பக்கத்தில் கிடக்கிறதா என்று நிருபரை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ பள்ளியிலோ சாஃப்ட்வேர் வாங்குகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் கண்ணன், கணபதி, மயில்சாமி, மனோகரன் என்று நாலு பெயரைக் கலைத்து அடித்து வரிசைப்படுத்திக் காட்டச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ஒரே பெயரை மூன்று விதமாக அடித்துத் தேடச் சொல்லலாம். ஐந்து நிமிட வேலை.

எங்கள் பட்டியல் இப்போது சரியாகத்தான் வருகிறது, ஒன்றைத் தவிர. பேக்கிங்கில் இரண்டு ஸ்ரீதேவிகள். ஒருவருடைய 'ஸ்ரீ' வழக்கமான 'ஸ' வைத்து அடித்தது, இன்னொருவருடையது 2005-ல் யூனிகோடில் சேர்ந்த இன்னொரு எழுத்தை வைத்து அடித்தது. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஒருவரைத் தேடினால் மற்றவர் வருவதில்லை. போன சம்பளத்துக்கும் அவர்களில் ஒருவர் என் அறைக்கு வந்துவிட்டுத்தான் போனார்.

தங்கள் வாசகன்,
திருப்பூர்.