நண்டு வரைந்த தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

நான் எர்ணாவூரில் வீட்டு மாடியில் டியூஷன் எடுப்பவள். அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள், டியூஷன் பிள்ளைகள் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு ராயபுரத்தில் நடந்த ஓவியக் கண்காட்சிக்குப் போய் வந்தேன். அன்றைக்கு எங்களுக்குக் கைகொடுத்தவர்களை எண்ணிப் பார்த்தால் பிள்ளைகளைவிட அதிகம் வருகிறார்கள். பாதிப் பேரின் பெயர் தெரியாது. போன் நம்பர் வாங்கவும் அப்போது தோன்றவில்லை. அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன். உங்களில் யாராவது படித்தால் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

முதலில் ரயிலில் வந்த மீன்கார அம்மாவுக்கு. மார்கழிக் காலை, ஏழரைக்கே கிளம்பிவிட்டோம். நம்மூர்க் குளிர் எவ்வளவு நேரத்துக்கு என்று எல்லோருக்கும் தெரியும், ஒன்பது மணிக்கெல்லாம் வேர்க்க ஆரம்பித்துவிடும். ஆனாலும் இருப்பதிலேயே சின்னப் பொடியனுக்கு அவன் ஆயா மெரூன் கலரில் ஒரு குரங்குக் குல்லா மாட்டி அனுப்பியிருந்தார். விம்கோ நகரில் வந்த முதல் வண்டியில் எல்லோரையும் ஏற்றி, தலையெண்ணி முடித்து, அப்பாடா என்று உட்கார்ந்தேன். எதிர் சீட்டில் காலிக் கூடையோடு இருந்த அம்மா, "எங்கம்மா போறீங்க இத்தினி பசங்களோட?" என்றார். ராயபுரம் என்றேன். "இது சென்ட்ரல் வண்டிம்மா. கொருக்குப்பேட்டை தாண்டினா பேசின் பிரிட்ஜ் பக்கம் திரும்பிக்கும். ராயபுரத்துக்கு பீச் வண்டிதான்" என்றார். பிறந்ததிலிருந்து வடசென்னைதான், ஆனால் எங்கே போனாலும் பஸ்ஸிலேயே போய்ப் பழகியவளுக்கு இது தெரியவில்லை. காசிமேடு போகிற அவரும் அங்கேதான் மாறவேண்டியவர். கொருக்குப்பேட்டையில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, குல்லாக்காரனை இடுப்பில் தூக்கி இறக்கிவிட்டு, பீச் வண்டி வரும்வரை எங்களோடு நின்றார். அம்மா, நீங்கள் இல்லையென்றால் நாங்கள் அன்றைக்கு சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டைத்தான் சுற்றிப் பார்த்திருப்போம்.

ராயபுரம் ஸ்டேஷனில் இறங்கியதும் எனக்குள் இருக்கும் டீச்சர் சும்மா இருக்கவில்லை. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரைக்கும் போனது என்று தூண்களைக் காட்டிச் சொன்னேன். "அப்புறம் ஏன் மிஸ் இங்க யாருமே இல்ல?" என்றான் ஒருவன். பதில் சொல்லாமல் நடையைக் கட்டினேன்.

கண்காட்சி ஒரு மாடி ஹாலில். சுவரில் ஆணி அடிக்க அனுமதி கிடையாதாம். துணி காயப்போடுகிற நைலான் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டுப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குப் பயம் போய்விட்டது, பாதிப் பேர் வீட்டில் அதே கிளிப்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வருடம் வேறொரு பெரிய இடத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். பெயர் வேண்டாம். உள்ளே இருந்த அரை மணி நேரத்தில் "தொடாதே", "பேசாதே", "ஓரமா போ" தவிர யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போது ஒரு பெண், "நம்மள மாதிரி ஆளுங்க போற எடம் இல்ல போல மிஸ்" என்றாள். அந்தப் பேச்சு இத்தனை நாள் என் தொண்டையிலேயே நின்றது.

இங்கே நடந்தது வேறு. எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி நண்டு ஒன்றை லினோகட்டில், அதாவது லினோ என்கிற மெத்தென்ற தகட்டில், செதுக்கி அச்செடுத்து வைத்திருந்தார். மல்லாந்து கிடக்கும் நண்டு, வயிற்றில் ஆரஞ்சு வண்ணத்தில் சினை. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மாணவி அதன் எதிரில் நின்றவள் நகரவே இல்லை. இவள் அம்மா காசிமேட்டில் நண்டு விற்பவர். தம்பி பக்கத்தில் வந்து, "பிடிச்சிருக்கா?" என்று கேட்டதும் இவள், "இது ஆண் நண்டு அண்ணா" என்றாள். "வயித்து மூடி ஒல்லியா கூம்பா இருக்கு பாருங்க. பொட்ட நண்டுக்கு அகலமா இருக்கும், அதுக்கு அடியிலதான் சினை ஒட்டியிருக்கும். இதுக்கு எப்படி சினை வரும்?"

எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. தம்பி படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். அழைப்பிதழ் ஒன்றைத் திருப்பிப் பென்சிலோடு கொடுத்து, "இரண்டு மூடியும் வரைந்து காட்டும்மா" என்றார். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, அகலமான மூடியின் மடிப்புக் கோடுகள்கூட விடாமல் வரைந்து கொடுத்தாள். அதை அப்படியே வாங்கித் தன் படத்துக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "என் படத்தில் தப்பு இருக்கு, திருத்தம் பக்கத்தில் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி, நீங்கள் எவ்வளவு பெரிய ஓவியராக வருவீர்களோ எனக்குத் தெரியாது. அந்த அழைப்பிதழைத் தொங்கவிட்ட கைக்கு என் நன்றி.

அதோடு விட்டாரா? தரையில் செய்தித்தாள் விரித்து எல்லோரையும் உட்காரவைத்து, ஆளுக்கொரு துண்டு லினோ கொடுத்து, பெயரின் முதல் எழுத்தைச் செதுக்கச் சொன்னார். கத்தி பிடிக்கும் கை பின்னால், தாங்கும் கை அதற்கும் பின்னால், விரல் குறுக்கே வரக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் பிடித்துக் காட்டினார். ரோலரால் மை தடவி, காகிதத்தை வைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து எடுத்தால், எல்லா எழுத்தும் இடம் வலம் மாறி நிற்கிறது! 'க'வும் போச்சு, 'ச'வும் போச்சு. 'ப'க்காரன் மட்டும் தப்பித்தான். இடம் வலம் மாறினாலும் 'ப', 'ப'தானே. அன்றிலிருந்து அவன் நடையே வேறு.

மெரினாவில் எல்லோரும் பார்த்திருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி, தான் படிக்கும் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர் என்றும், கல்லூரியே 1850இல் தொடங்கியது என்றும் அந்த நண்டுத் தம்பிதான் சொன்னார். "அங்க சேர எவ்ளோ மார்க் வேணும்?" என்று உடனே கேட்டது யார் தெரியுமா, கணக்கில் எப்போதும் என்னிடம் அடி வாங்கும் பையன். (அடி என்றால் சும்மா ஸ்கேலால் ஒரு தட்டு.)

எண்ணூர்க் கழிமுகத்தைக் கரியால் வரைந்திருந்த அக்காவுக்கும் ஒரு நன்றி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் கலந்து வந்ததே, அந்தப் படம். கறுத்துப்போன கூழைக்கடா ஒன்று, பின்னால் வீட்டுச் சுவரில் எண்ணெய் நின்ற கோடு. எங்கள் பையன் ஒருவன் கோட்டுக்கு நேராகத் தன் இடுப்பில் கை வைத்து, "எங்க வீட்ல இது வரைக்கும்" என்றான். நீங்கள் எதுவும் விளக்கப் போகவில்லை அக்கா. அவனோடு தரையில் உட்கார்ந்து, நாற்றம் எத்தனை நாள் இருந்தது, பாயெல்லாம் என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அவன் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

கீழ் வீட்டு அக்காவை மறந்தால் பெண் பிள்ளைகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஹாலில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. வாசல் கோலத்தில் பூசணிப்பூ வைத்திருந்த வீட்டில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இதுக்கு ஏன்மா கூச்சப்படுற" என்று ஐந்து பெண்களையும் உள்ளே விட்டார். குடத்துத் தண்ணீரும் கொடுத்தார். குழாயில் தண்ணீர் வராத நாள் அது என்று பிறகுதான் தெரிந்தது. டீக்கடை மாஸ்டருக்கும் நன்றி. நான் பர்ஸைத் திறந்து எண்ணுவதைப் பார்த்துவிட்டு, ஐந்து பன் பட்டர் ஜாமைப் பாதிப் பாதியாக வெட்டிப் பத்தாக்கி, ஜாமை மட்டும் முழு பன்னுக்கு உள்ள அளவு தடவிக் கொடுத்தார்.

கடைசியாக இரண்டு விஷயம். நண்டுத் தம்பி, சினையை வேறு நண்டுக்கு மாற்றினீர்களா என்று அவள் தினமும் கேட்கிறாள், ஒரு வரி தெரிவியுங்கள். இன்னொன்று, அந்த மெரூன் குல்லா ஹாலிலேயே, அநேகமாக ரோலர் வைத்திருந்த பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது. ஆயா கேட்டு நச்சரிக்கிறார். யார் கண்ணிலாவது பட்டால் அந்த டீக்கடையில் கொடுத்து வையுங்கள், சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன். இந்த முறை பீச் வண்டியில்தான் ஏறுவேன்.

அன்புடன்,
எர்ணாவூர் டியூஷன் மிஸ்