அந்தப் படத்துக்கு உரியவருக்கும் உடன் நின்றவர்களுக்கும்

அன்புடையீர்,

வேறொருவரின் படத்தைத் திருடி, அவராகவே நடித்து இணையத்தில் என்னோடு பழகிய ஒருவர் என்னிடம் பணம் பறித்ததை உங்களில் பலர் அறிவீர்கள் என்பதால் அதை மீண்டும் விவரிக்கவில்லை. புகார் பதிவாகி, கடைசியாக அனுப்பிய தொகையை வங்கி நிறுத்திவைத்திருக்கும் இவ்வேளையில், மனம் ஆறட்டும் என்று காத்திராமல் இந்த நன்றியைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

முதல் நன்றி, நான் நேரில் பார்த்தறியாத ஒருவருக்கு. மாதக்கணக்கில் நான் நம்பிய முகம் அவருடையது; என்னோடு பேசியவர் அவர் அல்லர். படத்தை வைத்துத் தேடியபோது அவருடைய உண்மையான பக்கம் கிடைத்தது. நடந்ததை ஒரே வரியில் எழுதி அனுப்பினேன். முன்பின் தெரியாதவர்களின் அழுகையையும் வசையையும் தம் படங்கள் திருடப்பட்ட நாள்முதல் வாங்கிக்கொண்டிருக்கும் அவர், என் செய்தியைப் படிக்காமலே ஒதுக்கியிருந்தாலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றிரவே நீண்ட பதில் எழுதினார். உரையாடல்களை வெட்கப்பட்டு அழித்துவிட வேண்டாம், பரிமாற்ற எண்களும் கணக்கு எண்களும் அவற்றில்தான் இருக்கும் என்று அதில் முதலில் சொல்லியிருந்தார். அழிப்பதற்காக நான் ஏற்கெனவே குறித்துவைத்திருந்த பதிவுகள் அப்படித்தான் தப்பின. புகாருக்கு ஆதாரமாக நின்றவையும் அவையே.

ஏமாற்றப்பட்டவர்களின் விவரங்கள் மோசடிக்காரர்களுக்குள் கைமாறும் என்றும், பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி அடுத்த ஆள் வருவார் என்றும், உண்மையான காவல் அதிகாரி எவரும் அதற்கு முன்பணம் கேட்க மாட்டார் என்றும் அவர் எச்சரித்திருந்தார். அவர் சொன்னபடியே, முத்திரையெல்லாம் பதித்த ஒரு கடிதம் வந்தது: என் தொகை கண்டுபிடிக்கப்பட்டு விட்டதாம், வரி கட்டினால் விடுவிப்பார்களாம். நான் இருந்த நிலையில், அவருடைய பதில் மட்டும் இல்லையென்றால் கட்டியிருப்பேன்.

என் புகாராவது ஒருமுறை எழுதி முடிந்தது. அவருக்கோ ஒரு போலிக் கணக்கை முடக்கினால் இன்னொன்று முளைக்கிறது; ஒவ்வொரு முறையும் அவரே தம்மை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இந்தத் துன்பத்தை யாரும் இழப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது என்னை வருத்துகிறது.

குரல் உயர்த்தாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட வங்கி அலுவலருக்கும், தேவையற்ற கேள்வி ஒன்றும் கேட்காமல் புகாரை எழுதிக்கொண்ட காவலருக்கும், இரவெல்லாம் உடனிருந்த அக்காவுக்கும், தொலைபேசியில் துணைநின்ற நண்பர்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

அவருடைய படத்தோடு உலவும் போலிக் கணக்குகளைத் தேடிப் புகாரளிக்கும் வேலையில் இனி நானும் பங்கெடுப்பேன் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன். இந்த வாரமே அதைத் தொடங்கியும் விட்டேன்.