தொடக்கநிலையினரும் செயல்முறை வரைபடமும்

போர்ட் லூயி

அன்புள்ள வேலாயுதம்,

உன் கடிதம் கிடைத்தது. டர்பனில் உன் வகுப்புக்குப் புதிதாக வந்தவர்கள் வணிகச் செயல்முறை வரைபடங்களை, அதாவது ஒரு வேலை படிப்படியாக நடப்பதைக் காட்டும் படங்களைப் பார்த்தவுடனேயே புரிந்துவிட்டது என்கிறார்கள் என மகிழ்ந்து எழுதியிருந்தாய். இங்கே மொரிஷியஸின் ஈபெனில் வேலைக்குச் சேருவோருக்கு நானும் அதையே கற்பிப்பதால், அந்த ஒரு சொல்லை நம்பி மேலே போய்விடாதே என்று உரிமையோடு சொல்கிறேன்.

பெட்டி என்றால் வேலை, அம்பு என்றால் அடுத்து நடப்பது என்பது எவருக்கும் எளிதில் விளங்கிவிடுகிறது. தடுமாற்றம் தொடங்குவது சாய்சதுரத்தில்தான். இந்த வரைபடங்களுக்கான பொதுக் குறியீடான பி.பி.எம்.என். முறையில் அதனுள் பெருக்கல் குறி இருந்தால் கிளைகளில் ஒன்று மட்டுமே நடக்கும். கூட்டல் குறி இருந்தால் எல்லாம் நடக்கும். வட்டம் இருந்தால் ஒன்றோ பலவோ நடக்கலாம். பள்ளியில் படித்த பாய்வு வரைபடத்தில் சாய்சதுரம் முடிவெடுக்கும் இடத்தையே குறித்ததால், புதியவர்கள் உள்ளிருக்கும் சிறு குறியைக் கவனிக்காமல் ‘இதுவா, அதுவா’ என்றே படிக்கிறார்கள்.

துறைமுகத்திலிருந்து சரக்கை விடுவிப்பதை ஒரு படமாக வரைந்து, ஆவணச் சரிபார்ப்பும் வரி செலுத்துதலும் கூட்டல் குறியில் பிரிந்து மீண்டும் கூட்டல் குறியில் சேரும்படி கொடுத்தேன். வரி கட்டியாயிற்று, ஆவணம் இன்னும் பார்க்கப்படவில்லை, சரக்கு வெளியே போகுமா என்று கேட்டபோது, போகும் என்றே பலர் சொன்னார்கள். மேலே வரைந்த வேலைதான் முதலில் முடிய வேண்டும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். இரு கிளைகளும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற விதி படத்தில் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை அல்லவா?

ஆனால் பழியை மாணவர்மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. மென்ட்லிங், ரெய்யர்ஸ், வான் டெர் ஆல்ஸ்ட் ஆகிய ஆய்வாளர்கள் இத்தகைய படங்களை வரைவதற்காக 2010-இல் வெளியிட்ட ஏழு வழிகாட்டுதல்களில், வட்டக்குறிக் கிளைகளைத் தவிர்க்கவும், உறுப்புகள் 50-ஐத் தாண்டினால் படத்தைப் பிரிக்கவும், பெட்டிக்குள் வினையும் பொருளும் சேர எழுதவும் சொல்லியிருக்கிறார்கள். ‘ஆவணம்’ என்று மட்டும் எழுதிய பெட்டியும் ‘ஆவணத்தைச் சரிபார்’ என்ற பெட்டியும் படிப்பவருக்கு ஒன்றல்ல. படத்தில் ஆங்கிலமும் பேச்சில் கிரியோலும் புழங்கும் எங்கள் ஊரில் இது இன்னும் முக்கியம். 2011-இல் வந்த பி.பி.எம்.என். இரண்டாம் பதிப்பின் குறிகள் நூற்றுக்கும் மேற்பட்டவை; அவற்றை முதல் நாளிலேயே அட்டவணையாக விரிப்பதை நான் அறவே ஏற்கவில்லை.

அடுத்த வகுப்பில் ‘புரிந்ததா’ என்று கேட்காமல், சரக்கைப் பற்றிய அந்தக் கேள்வியை உன் மாணவர்களிடமும் கேட்டு, விடைகளை அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
குமரேசன்