கயிறு கட்டிய கையோடு திடப்படுத்தலுக்கு வரும் பிள்ளைகள்

தென்மாவட்டச் சேகரங்களின் (திருச்சபை வட்டாரங்களின்) குருவானவர்களுக்கும், சேகர கமிட்டி அங்கத்தினர்களுக்கும், திடப்படுத்தல் வகுப்பு நடத்தும் அண்ணன்மார் அக்காமாருக்கும் ஒரு திறந்த மடல்.

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, ஸ்தோத்திரம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை, அவன் படித்த பள்ளிக்கூடத்துப் பையன்களே ராத்திரியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்கு அப்புறம் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அந்தக் குழு கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்பதும் ஒரு பரிந்துரை. பள்ளிக்கூடத்தில் செய்ய வேண்டியதை அரசு பார்க்கட்டும். நான் எழுதுவது நம் ஆலயத்துப் பிள்ளைகளைப் பற்றி. அந்தக் கயிறு கட்டிய கைகளில் ஞானஸ்நானம் பெற்ற கைகளும் இருக்கின்றன.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் திடப்படுத்தல் வகுப்பும் எடுக்கிறேன். சின்னதில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் விசுவாசத்தைத் தாங்களே சபை முன்பாக அறிக்கையிடுவதுதான் திடப்படுத்தல். போன வருஷ வகுப்பில் ஒரு பையன், ஒன்பதாம் வகுப்பு, நல்ல பிள்ளை. பத்துக் கட்டளையும் விசுவாசப் பிரமாணமும் தண்ணீர்பட்ட பாடு. ஜெபத்துக்குக் கைகூப்பும்போது சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. இரண்டு நிறம் பின்னிய கயிறு, வியர்வையில் கறுத்துப்போய், மணிக்கட்டோடு ஒட்டிக் கிடந்தது. வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "இது எதுக்குலே?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே, "இது இருந்தாதான் டீச்சர் நான் யாருன்னு தெரியும்" என்றான்.

அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பதினாலு வயசில் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிற கேள்விதான் அது. நான் யார், என்னோடு யார் இருக்கிறார்கள், எனக்கு ஒன்று என்றால் யார் வருவார்கள்? கயிறு கட்டினால் மறுநாளே நாலு பேர் தோளில் கைபோட்டு "பங்காளி" என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் கூடவே நிற்கிறார்கள். திடப்படுத்தல் முடிந்தால் நாம் என்ன கொடுக்கிறோம்? புதுச்சட்டை, போட்டோ, மத்தியானம் பிரியாணி, அதோடு சரி. அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது பார்க்கிறோமா?

பாட்டன் பூட்டன் காலத்தில் நம் சபைகளில் திடப்படுத்தலுக்கு ஆயத்தம் செய்தது, 1662ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் உள்ள ஞானோபதேசத்தை, அதாவது விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லிக் கொடுக்கும் பாடத்தை, வைத்துத்தான். அதை மறுபடி எடுத்துப் படியுங்கள். முதல் கேள்வியே "உன் பெயர் என்ன?" என்பது. அடுத்தது, "இந்தப் பெயரை உனக்குக் கொடுத்தது யார்?" அதற்குப் பிள்ளை சொல்லும் பதிலில் தெரு கிடையாது, தாத்தா பெயர் கிடையாது. ஞானஸ்நானத்தில் என் ஞானத் தகப்பனும் ஞானத் தாயும் கொடுத்தார்கள். அதிலே நான் கிறிஸ்துவின் அவயவமானேன், தேவனுடைய பிள்ளையானேன், பரலோக ராஜ்யத்துக்குச் சுதந்தரவாளியானேன் என்று சொல்கிறது. கட்டளைகளும் கர்த்தருடைய ஜெபமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. நீ யார் என்பதை முதலில் சொல்லிவிட்டு, எப்படி நடக்க வேண்டும் என்பதை அப்புறம் சொல்லிக் கொடுத்தார்கள். நாம் இப்போது நேராக மனப்பாடத்தில் ஆரம்பிக்கிறோம்.

இந்த அடையாளம் நம் மண்ணில் வெறும் வாய்வார்த்தையாக இருந்ததில்லை. மயிலாடியில் சாம்பவர் குடும்பத்தில் பிறந்த மகாராசன் வேதமாணிக்கம் ஞானஸ்நானம் பெற்று வந்து கூப்பிட்டதால்தான் மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் தென்திருவிதாங்கூருக்கு வந்தார். அந்தக் காலத்தில் சாதிதான் உடுப்பைத் தீர்மானித்தது. தோளில் சீலை போட்ட குற்றத்துக்காக நம் பாட்டிமாரைத் தெருவில் அடித்தார்கள், சீலையைக் கிழித்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த கிறிஸ்தவப் பெண்கள் பின்வாங்கவில்லை. தேவனுடைய சாயலில் படைக்கப்பட்டவள் நான் என்று ஒருத்தி உண்மையாகவே நம்பிவிட்டால், அவளைக் குனிந்து நடக்கவைக்க முடியாது. 1859 ஜூலையில் சமஸ்தானமே இறங்கிவந்து, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவிப்புக் கொடுத்தது.

அந்தப் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் நாம். இன்றைக்கு நம்மில் எத்தனை பேர், ஆலயத்துக்குப் புதிதாக வந்த குடும்பத்திடம் பெயர் கேட்ட கையோடு "நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்கிறோம்? எதற்காகக் கேட்கிறோம் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளை இருந்தால் அவளுக்கும் தெரியும். என் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை தன் தெருப் பெயரைச் சொல்லாமல், எப்போதும் பக்கத்தில் இருக்கிற பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும். ஒருவன் கயிற்றைக் காட்டுகிறான், ஒருத்தி தெருவை மறைக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே தண்ணீரில்தான் ஞானஸ்நானம் கொடுத்தோம்.

பவுலுக்கும் சொல்லிக்கொள்ளப் பெருமை நிறைய இருந்தது. பிலிப்பியருக்கு எழுதும்போது வரிசையாகச் சொல்கிறார்: இஸ்ரவேல் வம்சம், பென்யமீன் கோத்திரம், எபிரெயரில் பிறந்த எபிரெயன். சொல்லிவிட்டு, அத்தனையையும் குப்பையாக எண்ணுகிறேன் என்கிறார். அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அதைக் கமிட்டிக்குக் கொண்டுபோகவில்லை. எல்லோர் முன்பாகவும் முகத்துக்கு நேரே கேட்டார். சாப்பாட்டுப் பந்தி அவருக்குச் சுவிசேஷத்தின் சத்தியத்தைத் தொட்ட விஷயம். அதே கலாத்தியர் நிருபத்தில்தான் "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்ற வசனமும் வருகிறது. நாம் வசனத்தைச் சுவரில் எழுதிவிட்டுப் பந்தியை விட்டுவிட்டோம்.

இது புதிய வியாதி கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள் இல்லாமல் நமக்குப் பண்டிகை இல்லை. அவரே, ஆலயத்தில் சாதி வித்தியாசம் இருக்கட்டும் என்று மிஷனரிகளோடு வாதாடியவர். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதியை உடனே, முற்றிலுமாக விட்டுவிட வேண்டும் என்று எழுதியபோது, அதை ஏற்காமல் விலகிப்போன குடும்பங்கள் உண்டு. ஆனால் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியாவும் நம் ஆள்தான். பாளையங்கோட்டையில் 1903இல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். தெலுங்கு தேசத்துக்குப் போய், 1912இல் தோர்ணக்கல் பேராயராக, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற தலித் சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலையிலேயே வைக்கச் சொல்லி, சுவிசேஷத்தைப் பிரசங்கியாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லவைப்பார். ஊரே தீட்டு என்று ஒதுக்கிய மனிதர்களுக்கு, அப்போஸ்தலன் பவுல் தன்னைப் பற்றிச் சொன்ன வார்த்தை கிடைத்தது. இதைவிட ஒரு மனுஷனுக்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாதியைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணையால், தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்றும் பட்டியல் சாதி உரிமை கிடையாது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கிடைத்தது. தன் சாதியைச் சொல்லி நியாயம் கேட்கிற சகோதரனிடம் போய், "கிறிஸ்துவுக்குள் சாதி ஏது?" என்று வசனம் சொல்லாதீர்கள். அவர் பட்ட காயத்தைக் காட்டுகிறார். கயிறு கட்டுகிறவன் காட்டுவது வேறு.

இப்போது என் விண்ணப்பம். திருமணத் தகவல் மையம் நடத்தும் சபைகள், படிவத்தில் இருக்கிற சாதி என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். பெற்றோர் கேட்பார்கள், சண்டைக்குக்கூட வருவார்கள். அவர்கள் வாயால் கேட்டுக்கொள்ளட்டும்; சபை முத்திரை போட்ட காகிதம் அதைக் கேட்கக் கூடாது. சபைத் தேர்தல் வந்தால் எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு என்று கணக்குப் போடும் அங்கத்தினர்களே, அந்தக் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் காதுக்கும் வருகிறது. கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கியிருக்கிற சபைகளுக்கு நான் என்ன சொல்ல? உயிர்த்தெழுதலை அறிக்கையிட்டுத்தானே அங்கே புதைக்கிறோம்.

வகுப்பு எடுக்கிறவர்களே, ஞானோபதேசத்தின் அந்த இரண்டு கேள்விகளுக்கு ஒரு முழு ஞாயிறு கொடுங்கள். பிள்ளைகளைப் பேசவிடுங்கள். கயிற்றைப் பிடுங்கிப் போடாதீர்கள். பிடுங்கினால் மறுநாள் இன்னொன்று கட்டிக்கொண்டு வருவான். அதற்குப் பதிலாக, வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளை வீட்டிலும் ஒரு வேளை சாப்பிடுங்கள். எல்லாத் தெருவுக்கும் போங்கள். குருவானவரும் கூட வரட்டும், அந்த வீட்டுத் தட்டிலேயே சாப்பிடட்டும். திடப்படுத்தல் முடிந்த பிறகும் ஒரு வருஷத்துக்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு தெருவிலிருந்து ஒரு பெரியவரைப் பொறுப்பாகப் போடுங்கள். பரீட்சைக்கு முன்னால் ஜெபிக்க, காய்ச்சல் என்றால் வந்து பார்க்க, பஸ் ஸ்டாண்டில் பிரச்சினை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவர.

பேராயர் அடுத்த திடப்படுத்தலுக்குத் தேதி கொடுப்பதற்கு முன்பே, இதை ஒரு சேகர கமிட்டிக் கூட்டத்தில் வையுங்கள். பெற்றோரையும் கூப்பிடுங்கள், அவர்கள் முன்னால் பேச யாரும் தயங்கினால் நான் வந்து பேசுகிறேன். அந்தப் பையன் இன்னும் கயிற்றைக் கழற்றவில்லை. வகுப்புக்கு மட்டும் தவறாமல் வருகிறான்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரி,
திடப்படுத்தல் வகுப்பு ஆசிரியை